ஒரு குறை போதும்

ஒரே ஒரு குறை. அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், மகள் வேலையை விட்டுவிட்டு எங்கள் லாட்ஜைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவாள். பந்தயம் இதுதான். போனில் அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க ஓட்டல்ல ஒரு ராத்திரி தங்கிப் பாரும்மா. நீ ஒரு குறை சொல்லிட்டீன்னா மறுநாளே உன்கூட வந்துடறேன்" என்றாள். குறை சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். கொழுப்பு.

என் வீட்டுக்காரரை லாட்ஜ் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது என்றாளே, ஹாரன் சத்தத்தில் காது கிழியும், வேலை சுலபம் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரிய சாலையிலிருந்து திரும்பியதுமே சத்தம் அடங்கிவிட்டது. இருபுறமும் மரங்கள். ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை, ஒரு தையல் கடை, பால்கனிகளில் காயும் துணி. நடுவில் ஒல்லியாக ஒரு புதுக் கட்டடம். பெயர்ப்பலகைகூட உள்ளங்கை அகலம்தான்.

கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்த மகள் "வாங்க மேடம்" என்றாள். முதுகில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

அறைக்குள் போனதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினேன். தூசி இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். முட்டி வலித்ததுதான் மிச்சம். தலையணையை மோந்து பார்த்தேன். குழாயைத் திறந்தேன், உடனே வெந்நீர் வந்தது. எங்கள் லாட்ஜில் வெந்நீர் வருவதற்குள் ஆள் குளித்தே முடித்துவிடுவார். அறை சின்னதுதான், ஆனால் எதுவும் இடிக்கவில்லை. பெட்டி வைக்க ஒரு மேடை, ஈரத் துண்டு போட ஒரு கம்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கத் தலைமாட்டில் ஒரு சின்னப் பலகை. படுத்தபடியே கையை நீட்டினால் எல்லா விளக்கையும் அணைக்கும் சுவிட்ச். யாரோ இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறார்கள். எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பிடித்தும் இருந்தது.

படுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

காலையில் முகத்தில் வெயில் அடித்து எழுந்தேன். திரைச்சீலை இரண்டும் நடுவில் சேரவில்லை. அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் நேராக என் கண்ணில் விழுந்தது. மாட்டினாள்! முகம்கூடக் கழுவாமல் கீழே ஓடினேன்.

"திரை சேரலடி! வெயில் கண்ணைக் குத்துது!"

"தெரியும்மா. போன வாரம் நான் அந்த ரூம்ல தூங்கினப்பவே பாத்தேன். எதிர்க்கடைல புதுசு தைக்கக் குடுத்திருக்கு."

"நீ எதுக்கு அங்க போய்த் தூங்கின?"

"இங்க வேலை செய்யற எல்லாரும் மாறி மாறி ஒவ்வொரு ரூம்லயும் ஒரு ராத்திரி தங்கணும்மா. அப்பதான் வர்றவங்களுக்கு எது இடிக்குதுன்னு தெரியும். தலைமாட்டுல ஒரு பலகை இருக்கே, அது நான் சொல்லி வச்சது." சொல்லும்போது மலர்ந்த முகம் உடனே வாடியது. "ஆனா குறை குறைதான். நீ ஜெயிச்சுட்ட. சொல்லிட்டுக் கிளம்பி வரேன்."

சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றப் போனாள். ஊசி வரவில்லை.

இத்தனை வருஷமாக லாட்ஜ் நடத்துகிறேன். எங்கள் அறை எதிலாவது ஒரு ராத்திரி தலை சாய்த்திருக்கிறேனா?

"கையை எடுடி" என்றேன். "நான்தான் திரையைச் சரியா இழுத்து விடலையோ என்னவோ. ஒரு குறையும் இல்ல. மேடத்துக்கு ஒரு காபி வரச் சொல்லு."

அவள் கவுண்டரைச் சுற்றி வந்து, வேலை நேரம் என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் திரும்பிப் போனபோது லாட்ஜ் கவுண்டரில் வீட்டுக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். ஆணியிலிருந்து ஆறாம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறினேன். படுத்தேன். தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது. மெத்தையின் நடுவில் பள்ளம். விளக்கை அணைக்க எழுந்து கதவு வரை போக வேண்டும். அறை போனை எடுத்துக் கீழே கூப்பிட்டேன்.

"ஹலோ?" தூக்கக் கலக்கத்தில் குரல் வந்தது.

"ஆறாம் நம்பர் ரூம். ஃபேன் கத்துது, மெத்தை குழியா இருக்கு. இங்க மனுஷன் தூங்குவானா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்" என்று பதறினார் என் வீட்டுக்காரர். "இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லீங்களே!"