இரண்டாம் பக்கம், நான்காம் வரி

அருளரசரின் வாழ்க்கை வரலாறு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. முப்பத்தொரு ஆண்டுகளாக அங்கே பிழை திருத்துகிறவன் நான். நான் கையெழுத்திடாத தாள் இயந்திரம் ஏறாது.

இரண்டாம் பக்கம் நான்காம் வரியில், ‘அவருக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை, ஒளியிலிருந்து வந்தார்’ என்றிருந்தது. சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘பிழை. தாய் இருக்கிறார்’ என்று எழுதினேன்.

அருளரசர் என் தம்பி. மதத்துக்கும் கட்சிக்கும் ஒருசேரத் தலைவனான பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை; நானும் உறவைச் சொல்லிக்கொண்டதில்லை. மந்திரிகள் அவன் வாசலில் கால்கடுக்க நிற்பதாகவும், ஏழு மலைத்தோட்டங்கள் அவனுடையவை என்றும், குளியலறைக் குழாய்கூடத் தங்கம் என்றும் பேசிக்கொண்டார்கள். குழாயை நான் பார்த்ததில்லை. சிறுவயதில் அவனைக் குளிக்க வைக்க இரண்டு பேர் வேண்டும்.

மறுநாள் காலை அவனுடைய செயலாளர் வந்தார். குடும்பம் இருந்தால் வாரிசு வரும், வாரிசு வந்தால் சொத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று பொறுமையாக விளக்கினார். நான் கேட்பதைச் செய்து தருவதாகவும் சொன்னார். முதலாளி பக்கத்தில் நின்று எனக்குக் கண்ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா கணக்கு வாத்தியார். அவர் பேரை அழிக்கறதுக்கு நான் கூலி வாங்கணுமா? எங்கம்மாகிட்ட அவனே வந்து சொல்லட்டும். அவங்க சரின்னா கையெழுத்துப் போடறேன்” என்றேன்.

மூன்றாம் நாள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். தொண்டர்கள் மாடிப்படி முழுக்க நின்றார்கள்; மூவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன் “அம்மா” என்றான். எல்லோருக்கும் கண் கலங்கியது. எந்தப் பெண்ணையும் அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த அங்கிக்குப் பொத்தானே கிடையாதாடா?” என்று கேட்டாள். செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவள் காதருகே குனிந்து நான்காம் வரியைப் படித்தேன்.

“ஒளியிலயா? அன்னிக்குக் கரண்டே இல்லையே” என்றாள். பிறகு அவனைப் பார்த்து, “நான் பெத்தது ரெண்டு பேரை. நீ அதுல ஒருத்தனா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அவன் செயலாளரைப் பார்த்தான். படிக்கட்டில் இருந்தவர்களைப் பார்த்தான்.

“எல்லாத் தாய்க்கும் நான் பிள்ளைதாம்மா” என்றான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “என்னடா சொல்றான்? காதுல விழல.”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

நான் கையெழுத்திடவில்லை. முதலாளியே போட்டுக்கொண்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிழை திருத்தியவர் பெயரை அச்சிடுவது எங்கள் அச்சக வழக்கம். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து நிற்கும். அந்தப் புத்தகத்தில் அந்த எழுத்து வரக்கூடாது என்று, பெயரோடு சேர்த்து நானே சிவப்பு மையில் அடித்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலையிலிருந்து நின்றுவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

“சின்னவன் வேற நல்ல வேலை ஏதாச்சும் பாத்துக் குடுத்தானா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.