மச்சான் பிடித்த கயிறு

தொம்மை வீட்டுக்குள் வந்ததும் பிளாரன்ஸ் எதுவும் கேட்கவில்லை, சோற்றைத்தான் போட்டாள். லீவில் வந்த தம்பி, ரயில் ரயிலாக மாறி வந்து சேர்ந்தவன். காக்கிச் சட்டை உடம்பில் தொளதொளவென்று கிடந்தது. சாளை மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் புருஷன் கஸ்பார் செத்த தந்தி வந்து, கோயிலில் பூசையும் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆற்றில் மூழ்கிச் செத்தான் என்றார்கள். கடலுக்கு அடியில் போய்ச் சங்கு பொறுக்கி வருகிறவன் போயும் போயும் ஓர் ஆற்றிலா மூழ்குவான்? அவளால் நம்ப முடியவில்லை.

முத்துக்கோ சங்குக்கோ முங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவன் பொறுப்பான்? கஸ்பாருக்குத் தொம்மை பிடித்தான். அடியிலிருந்து கஸ்பார் கயிற்றை அசைத்தால்தான் தூக்குவான். படகில் மற்றவர்கள் பதறினாலும் இவன் பதற மாட்டான். மச்சானின் மூச்சு அவனுக்கு அத்துப்படி.

உலகச் சண்டை வந்ததும் படகுகள் ஆழத்துக்குப் போவது நின்றது. பர்மா எல்லையைக் காக்கப் பட்டாளத்தில் புதிதாக ஒரு டிவிஷன் சேர்க்கிறார்கள், சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று கஸ்பார் கிளம்பினான். அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, ஆள் பிடிக்க வந்தவனுக்கும் தெரிந்திருக்காது. பிளாரன்ஸ் புருஷனைத் தடுக்கவில்லை, தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குப் போக மனமே இல்லை. நீ கூடப் போனால்தான் அவரை விடுவேன் என்று அழுது, அடம்பிடித்து அனுப்பிவைத்தாள். அவன் பக்கத்தில் இருந்தால் கஸ்பாருக்கு ஒன்றும் ஆகாது என்று முழுசாக நம்பினாள்.

"கயிறு யாரு கையிலலே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

தொம்மை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"என் கையிலதாங்க்கா."

பிறகு சொன்னான். மலைக்குள் ஓர் ஆறு. பாலம் போடும்போது துப்பாக்கிப் பெட்டி ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. முங்கத் தெரிந்தவன் யார் என்று துரை கேட்க, கஸ்பார் சிரித்துக்கொண்டே முன்னால் போயிருக்கிறான். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தொம்மையிடம் கொடுத்திருக்கிறான்.

"தொரை இழு, இழுங்கான். நான் இழுக்கல. மச்சான் அசைக்கலியே. கடல்ல எப்பிடி நிப்பனோ அப்பிடியே நின்னேன்."

"தண்ணி எப்பிடிலே இருந்துச்சு?"

"குளிருன்னா அப்பிடியொரு குளிருக்கா. தண்ணிக்குள்ள கை வெறச்சிரும். கயித்தப் பிடிச்சிருக்கமா இல்லியான்னே தெரியாது. அது எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது."

பிளாரன்ஸுக்குப் புரிந்தது. கஸ்பார் அசைக்கப் பார்த்திருப்பான், விரல்கள் கேட்டிருக்காது. மேலே இவன், கயிறு அசையட்டும் என்று காத்திருக்கிறான். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. போக மாட்டேன் என்றவனைத் தள்ளி அனுப்பியவள் எந்த முகத்தோடு கையை ஓங்குவாள்?

"கடைசில நானா இழுத்தேன். கனத்துச்சு." தொம்மை அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "பெட்டியோட வாராருன்னு சந்தோசப்பட்டேங்க்கா."

வெளியே உப்பு வண்டி ஒன்று கடகடத்துப் போயிற்று.

"எப்பம் திரும்பிப் போவணும்?"

"ஞாயித்துக்கெழம. அங்கனதான் இன்னும் நிக்கோம், அந்த ஆத்துப் பக்கமே."

அவன் வலது கை தட்டிலேயே இறுக மூடிக் கிடந்தது. விரலிடுக்கில் சோறு பிதுங்கியது. பிளாரன்ஸ் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரலுக்கு வருவதற்குள் முதலில் பிரித்தது மறுபடி மூடிக்கொண்டது. அவள் திரும்பவும் முதல் விரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.