தானாகச் சரியான கரண்ட்

அந்தியில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க மடுவத்துக்குப் போகவேண்டிய விஜயகலா, ஆள் வந்து சொன்னதும் கூடையைக்கூட இறக்காமல் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினாள். புருஷன் அழகமுத்து வாசற்படியில் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. திங்கட்கிழமை மழையில் றப்பர் மரம் கம்பியில் சாய்ந்ததிலிருந்து லயத்தில் கரண்ட் இல்லை.

முன்பெல்லாம் கம்பி அறுந்தால் தேயிலை அரைக்கிற ஸ்டோரும் சேர்ந்து இருண்டுவிடும். தோட்டத்துத் துரை ஒரு போன் போட்டால் லைன்மேன்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது கம்பத்தில் புதுப் பெட்டி. பழுதான பக்கத்தைத் தானே வெட்டிவிட்டு, மற்றப் பக்கத்துக்கு வேறு வழியாகக் கரண்ட் கொடுத்துவிடுமாம். அதைப் பூட்டிய அன்று லயத்துப் பெண்கள்தான் கம்பத்துக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார்கள். வெட்டுப்படப்போவது தங்கள் பக்கம் என்று யார் கண்டது?

விஜயகலா கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணிப் பண்ணி அலுத்துப்போயிருந்தாள். சிங்களத்தில் நயமாகவும் கேட்டாயிற்று, சண்டையும் பிடித்தாயிற்று. உங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறதே என்ற ஒரே பதில்தான். ஸ்டோருக்கு வந்தால் தோட்டத்துக்கே வந்த மாதிரியாம். நல்ல கூத்து. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷினை இடுப்பில் இடுக்கி, அழகமுத்துவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தாள். மடுவத்தில் தராசுக்கு வரிசையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூடையோடு பின்னால் வந்தார்கள்.

ஸ்டோர் சுவரிலிருந்த பிளக்கில் வயரைச் சொருகினாள். மருந்து புகையத் தொடங்கியது. ஸ்டோர் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஓடிவந்தார். இது ஸ்டோர் கரண்ட், துரைக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும், கழற்று என்று கத்தினார்.

"நான் கழட்ட மாட்டேங்க ஐயா. வேணும்னா இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே நீங்க கழட்டுங்க."

அவர் கை நீண்டு பாதியில் நின்றது. பெண்களிடம் திரும்பினார். கூடையிலேயே கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாகிவிடும், சீக்கிரம் நிறுக்கக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"சிவக்கட்டுங்க," என்றாள் முன்னால் நின்ற சுதர்ஷினி. "லயத்துக்குக் கரண்ட் வந்தப்புறம் நிறுக்கலாம்."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். டீமேக்கர் துரைக்குப் போன் போட வெளியே போனார்.

மேல் மாடியில் எல்லா விளக்குகளும் எரிந்தன. அந்திக் கொழுந்தை வாட்டுவதற்காகக் காத்திருந்த வெறும் தொட்டிகளுக்குப் பெரிய காற்றாடிகள் ஓயாமல் காற்றடித்துக்கொண்டிருந்தன. கீழே, சிமெண்டுத் தரையில், அழகமுத்து கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.