நூற்றிருபது கிலோ எடையுள்ள குடும்பப் பெயர்

அந்தக் குடும்பப் பெயரின் எடை நூற்றிருபது கிலோ. அது கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. பெயரை வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அதைச் சமமாகப் பங்குபோட்டுச் சுமந்தார்கள். முன்னூறு பேர் இருந்த காலத்தில் ஆளுக்கு நானூறு கிராம்தான். தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டது போல இருக்கும், அவ்வளவே. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் கல்யாணம் முடிந்து கணவன் பெயருக்குப் போனால் மற்றவர்களுக்கு இம்மியளவு கூடும். சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் கையிலிருந்த கரண்டியும் ஒரே சமயத்தில் கொஞ்சம் தாழ்ந்தால், வீட்டுப் பெரியவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே "எங்கேயோ கல்யாணம்" என்பார். இரண்டாவது முறை தாழ்ந்தால் "எங்கேயோ சாவு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பெயர் வந்த கதையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதில்தான் சண்டை. முதல் ஆள் ஒரு துறைமுகக் கூலி. கப்பலிலிருந்து இறங்கிய யாரோ ஒருவர் அவர் முதுகில் ஒரு மூட்டையை ஏற்றி, "கொஞ்சம் பிடிச்சுக்கோ, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். போனவர் போனவர்தான். கூலி அங்கேயே நின்றார். கொடுத்த பொருளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற புத்தி அவருக்கு இல்லை; அந்தப் புத்தி இருந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை. வருஷக்கணக்கில் நின்றதில் சாக்கு மக்கி, கயிறு மக்கி, உள்ளே இருந்ததும் மழையில் கரைந்து போனது. ஆனால் கனம் மட்டும் முதுகை விட்டு இறங்கவில்லை. அந்தக் காலத்துப் பேச்சில் "இதோ வந்துவிடுகிறேன்" என்பதற்கு என்ன சொல்வார்களோ அதையே ஜனங்கள் அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு கிளை உள்ளே இருந்தது பட்டறைக்கல் என்றது. இன்னொரு கிளை புத்தகங்கள் என்றது. இதை வைத்து அண்ணன் தம்பி இரண்டு தலைமுறை பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

குழந்தைகளுக்குப் பெயர் பிறந்தவுடனேயே வந்துவிடும், கனம் வராது. தன் கையால் முதல்முறை அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போடுகிற நிமிஷத்தில்தான் அவரவர் பங்கு தோளில் வந்து உட்காரும். இந்தச் சலுகையை யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. வேறு பெயரில் கையெழுத்துப் போட்டால் அந்த நிமிஷமே விட்டுப் போகும். சுமப்பவர்கள் எல்லோரும் போய்விட்டால் மட்டும் சலுகை கிடையாது. பெயர் உள்ள ஆள் எழுதவே தெரியாத பிள்ளையானாலும் மொத்தமும் அதன் தலையில் இறங்கும். அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆட்கள் குறையக் குறையப் பங்கு கூடியது, பங்கு கூடக் கூட ஆட்கள் குறைந்தார்கள். ஆளுக்கு இரண்டு கிலோ ஆனபோது மாடிவீட்டுக்காரர்கள் பெயரைத் தலைமுழுகினார்கள். ஐந்து கிலோ ஆனபோது நடனம் கற்றவர்களும் மரமேறிகளும் போனார்கள். பத்து கிலோவைத் தொட்டபோது மிச்சமிருந்தவர்கள் போக முடியாதவர்கள், அல்லது போகத் தோன்றாதவர்கள். குடும்பப் பெயர்களை ஆராய்ச்சி செய்த ஒருவர் ஒருமுறை வந்து, இது மிக அரிதான பெயர், தோற்றம் தெளிவில்லை, வைத்திருப்பவர்கள் ஏனோ தரைத்தளத்திலேயே வசிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். பெயர்க்காரர் ஒருவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்த நாற்காலி உடைந்ததைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

கடைசியில் மூன்று பேர் இருந்தார்கள், ஆளுக்கு நாற்பது கிலோ. தூரத்து ஊரில் ஒரு பெரியப்பா மகன். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஒருவர். அந்தச் சலவைக்காரரின் மனைவி. சலவைக்காரரைத் தெருவில் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, சட்டைக்குள் தேட வேண்டும். ஆனால் அவர் ஏறினால் ஆட்டோவின் டயர் அமுங்கும், பெஞ்சு முனகும், மழைக்காலத்தில் வாசலில் அவர் கால் தடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். மனைவி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான், "ரெண்டு பேர் தூக்கறத மூணு பேர் தூக்கினா என்ன குறைஞ்சிடும்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருஷம் தூக்கினாள். மகளுக்கு நான்கு வயதானபோது, துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். பயில்வான் மறுத்துப் பேசவில்லை. காரணம் என்ன என்று அவருக்குத் தெரியும். தன்னை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கு அவர் ஒரு முடிவு செய்தார். மகள் அந்தப் பெயரை எழுதக் கூடாது. அவளிடம் கனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "எனக்கு எலும்பு கனம்மா, பொறவியிலேயே அப்படி" என்று சொல்லி வைத்தார். பள்ளிக்கூடத்திலும் பாங்கிலும் அவள் தன் சொந்தப் பெயரை மட்டும் எழுதி அடியில் ஒரு கோடு இழுத்தாள். குடும்பப் பெயரும் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் இவர் போய்க் குறுக்கே நின்று சண்டை போட்டார். வாசல் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. அவளோ வளர்ந்து, பித்தளையில் பெயர் வெட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நகரத்தில் பாதி வீட்டுக் கதவுகளில் இருக்கிற பெயர்கள் அவள் உளி பட்டவை. ஊரார் பெயரையெல்லாம் வெட்டித் தூள் ஊதித் துடைத்துக் கொடுத்தவளுக்குத் தன் குடும்பப் பெயரை ஒரு காகிதத்தில் எழுத அனுமதி இல்லை. தன்னை மகள் என்று சொல்லிக்கொள்ள அப்பாவுக்கு ஏதோ கூச்சம் என்று அவளாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டாள். அது அவளுக்குள் முள்ளாகவே இருந்தது. அவரும் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

சலவைக்கூடம் தரைத்தளத்தில் இருந்தது. அதனால்தான் அந்த வேலை. ஈரப் படுக்கைவிரிப்புகள் பிழியும் யந்திரத்தில் சுற்றி, சூடான உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் தட்டையாக வெளியே வரும். பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையில் மூலைகளைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலையைக் கொடுத்துவிட்டு மறுபடி விலக வேண்டும். பயில்வானுக்கு எதிர்முனையில் இருபது வருஷமாக ஒரே அம்மாள்தான். விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆளும் அவள்தான். ஒரு காலை, விரிப்பை உதறிய நேரத்தில் பயில்வான் அப்படியே முழங்காலில் விழுந்தார். அவர் காலடியில் தரை ஓடு விரிசல் விட்டது. அம்மாள் தன் முனையை விடாமல் நின்றாள்.

"என்ன அண்ணே?"

"ஊர்ல இருந்த பெரியப்பா மகன், அண்ணன், போயிட்டார்," என்றார் அவர். மாலையில்தான் தந்தி வந்தது.

மனைவி போனதிலிருந்து சுமந்த அறுபது, நூற்றிருபது ஆனது. அவர் கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுத்தார். வேலைக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். முதுகு வளைந்து, எதிரே வருபவர்களின் செருப்பை வைத்து ஆளை அடையாளம் காணப் பழகினார். பெயரைத் தலைமுழுக அவராலும் முடியும். ஆனால் மறுநிமிஷம் அது மகள் மேல் விழும். தான் செத்தாலும் அப்படித்தான். ஆகவே அவள் வேறு பெயருக்குப் போகும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு. அவள் ஒரு ரொட்டி வண்டிக்காரனைக் காட்டி இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சண்டைக்குத் தயாராக வந்து நின்றபோது, "நாளைக்கே வச்சுக்கலாமா?" என்று கேட்டார். தன்னைத் தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கிறார் என்று அவள் அதற்கும் அழுதாள்.

பதிவு அலுவலகம் மூன்றாவது மாடி. லிப்ட் அவர் ஒருவர் ஏறியதுமே கூவியது, இறங்கிவிட்டார். படியேறி வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் காத்திருந்து சலித்திருந்தார்கள். அங்கேதான் அவருக்கு விதிமுறை தெரிந்தது. மணப்பெண் முதலில் பழைய பெயரில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு புதுப் பெயரில் ஒன்று.

"சார், பொண்ணுக்குக் கையெழுத்துப் போட வராது," என்றார். "கைரேகை வச்சுக்கோங்க."

பதிவாளரின் மேஜைமேல் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை அவள் வெட்டியது.

"அப்பா," என்றாள் மகள். "போறப்போகூட ஒரு தடவ எழுத விடமாட்டீங்களா?"

"வேணாம்மா. சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, வெட்டுகிறவர்களுக்கே உரிய நிதானத்தோடு, எழுத்து எழுத்தாகக் குடும்பப் பெயரைப் போட்டாள். கடைசி எழுத்தில் பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு மேஜையில் நின்றது. நாற்காலியின் பின்கால் விண்டது. அவள் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த அப்பா மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் எவ்வளவு அமுக்கினாலும் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் தன்னைவிட உயரம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதையா?" என்றாள்.

"அடுத்த கையெழுத்தப் போடு. சீக்கிரம் போடு."

"அம்மாவுக்கும் இதுதானா?"

அவர் தரையைப் பார்த்தார். பதிவாளர் இன்னொரு கையெழுத்து பாக்கி இருப்பதை நினைவுபடுத்தினார். அவள் பேனாவை மேஜையிலிருந்து பிடுங்கி மூடினாள்.

"அது வேண்டாம் சார். இந்தப் பேரே இருக்கட்டும்."

சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது; கல்யாணம் அப்படியே பதிவானது. எழுந்திருக்க அவள் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தாள். மாவு மூட்டை தூக்கிப் பழகிய அவனே ஒரு அடி தள்ளாடினான். நான்கு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி, நீயும் இந்தப் பேருக்கு வர்றியா என்று கேட்டபோது, அவன் தலையைச் சொறிந்து, "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

பயில்வான் மகளோடு பல மாதம் பேசவில்லை. இருபது வருஷம் கட்டிக் காத்ததை அரை நிமிஷத்தில் பாழாக்கிவிட்டாள் என்று அவருக்குக் கோபம். கோபத்துக்கு அடியில், இரவில் மல்லாந்து படுக்க முடிகிறதே என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் அவரை அதிகம் வதைத்தது. அவள் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஒருநாள் பித்தளைப் பலகை ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து அவர் வாசல் கதவில் மாட்டினாள். முதல் இரண்டு முறை திருகாணி பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை அவரே உள்ளேயிருந்து பெரிய போல்ட்டை எடுத்து வந்து கொடுத்து, "இதுல மாட்டு" என்றார். பேச்சு அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. அப்பாவும் மகளும் ஒரே பெஞ்சில் மட்டும் உட்காருவதில்லை.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அது தவழத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். சலவைக்கூடத்தில் உருளையிலிருந்து வந்த விரிப்பைப் பிடித்துப் பயில்வான் உதறினார். விரிப்பு வழக்கத்தைவிட உயரமாக எழும்பி, ஆற அமர இறங்கியது.

"யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார்.

எதிர்முனையிலிருந்த அம்மாள், "மாப்பிள்ளையாத்தான் இருக்கும்" என்றாள். "அழாதீங்க அண்ணே. துணி நனையுது, மறுபடி உருளையில விடணும்."

இப்போது அந்தப் பெயரைச் சுமப்பவர்கள் மூன்று பேர், ஆளுக்கு நாற்பது கிலோ. ரொட்டி வண்டியின் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக ஒரு பட்டை போட்டிருக்கிறார்கள். நான்காவது ஆளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் அவசரப்படவில்லை. என்றைக்காவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவளாகக் கேட்டால் பேனாவைக் கொடுப்பது என்று ஏற்பாடு. கதவு தட்டும் சத்தம் கேட்டால் மூன்று பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பால்காரராக இருக்கும், இல்லை பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும். மூட்டையைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.