குருணை கட்டிய க்ரீம்

1

இந்தக் கதை ஒரு டப்பாவிலிருந்து பிறந்தது. தமாலே ஊரில் ஷியா கொட்டை வெண்ணெயில் க்ரீம் செய்யும் ஆலைக்கு லேபிள் வாசகம் எழுதுகிறவன் நான். ‘பட்டுப் போல் மிருது’ என்று எழுதிவிட்டுத் திறந்து தடவினேன். மணல். பொய் சொன்னது நான், தலைகுனிந்தது க்ரீமுக்குச் செய்முறை எழுதிய எடினாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாடி ஆய்வகத்தில் எடினாம் தனியாக...’

(அடித்துவிட்டேன். ‘தனியாக’வை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால் பிறகு எதை வைத்து ஓட்டுவது?)

தெற்கேயிருந்து வந்தவள் அவள். சின்னக் குடுவையில் க்ரீமைக் காய்ச்சிப் பனிக்கட்டித் தண்ணீரில் சட்டென்று ஆறவைத்தாள். வழுவழுவென்று வந்தது. கீழே இயந்திரங்களை வடிவமைக்கும் நபாரி அதற்கு ஆளுயரத் தொட்டி கட்டினான். அது மெல்ல மெல்ல ஆறியது. மெல்ல ஆறினால் ஷியா குருணை கட்டும். செய்முறைத் தாளில் ‘ஆறவிடவும்’ என்று மட்டும் இருந்தது. எப்படி என்று அவள் எழுதவில்லை, அவன் கேட்கவில்லை.

3

[நபாரியை வில்லனாக்கிப் பார்த்தேன். மசியவில்லை.]

“போய்க் கேளேன்ப்பா, எப்படி ஆறவச்சாங்கன்னு” என்றேன் அவனிடம்.

“நானா? வந்து இத்தனை மாசத்துல ஒரு நாளாச்சும் காலையில எறங்கி வந்து ‘தாசிபா’ன்னு ஒரு காலை வணக்கம் சொல்லியிருக்கா அந்தம்மா? நேரா தொட்டிய எட்டிப் பாக்குது, திரும்பிப் போகுது. நாங்க என்ன தூணா?”

மாடியில் அவள் புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி காலி.

“நான் கீழ வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடுறாங்க. அடுத்த தொட்டியும் குருணை கட்டுச்சுன்னா வேலை போயிடும். போனாலும் இங்க யாருக்கும் தெரியப்போறதில்ல.”

அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“காலையில போய் தாசிபா சொல்லுங்க மேடம். பனிக்கட்டிக் கதையெல்லாம் அப்புறம்.”

“அதுக்கா இவ்வளவும்?”

“இந்த ஊர்ல அதுக்குத்தான்.”

4

முடிவு ஒன்று: அவன் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர்க் குழாய் ஓட்டுகிறான், அவள் அதற்கேற்பச் செய்முறையை மாற்றுகிறாள், க்ரீம் வழுவழு. (என் லேபிள் மாதிரியே இருக்கிறது. அடித்தேன்.)

முடிவு இரண்டு: பேருந்து நிலையம், அவளும் ஒரு பெட்டியும்... (எழுத மனம் வரவில்லை.)

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இன்று காலை இறங்கி வந்தாள். தொட்டியருகே நபாரியின் முன் இந்த ஊர் வழக்கப்படி முழங்காலைச் சற்றே மடக்கி, “தாசிபா” என்றாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். இதற்கு இந்த ஊரில் சொல்லவேண்டிய பதில் ‘நா’ என்ற ஒரே சொல்தான். நபாரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

நானும் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து இந்தக் கதையைக் காய்ச்சியவன். உங்களிடம் வந்து இது எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியாது. அவள் மடக்கிய முழங்காலோடு இன்னும் நிற்கிறாள். அந்த ஒரு சொல்லை நீங்களாவது சொல்லிவிடுங்கள்.