வயிறு நிறைந்தால் நிற்கும் வண்டி

வாத்தியார் அந்தக் காரை வாங்கியபோது அதில் ஒரே ஒரு குறைதான் கண்ணுக்குத் தெரிந்தது. அது அவருடைய அக்காவின் கார்.

வேறு யாரிடமாவது வாங்கியிருந்தால், வண்டி நடுரோட்டில் நின்ற முதல் நாளே விற்றவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்காவிடம் கேட்க முடியுமா? ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு, வெளியாளாக இருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன் என்று கண் கலங்கச் சாவியை நீட்டியவள் அவள். கேட்டால் மனசு கஷ்டப்படும் என்றார் வாத்தியார். யாருடைய மனசு என்று அவர் மனைவி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக நர்சாக இருப்பவள் அவள். தெருவில் எல்லாருக்கும் நர்சம்மா. எந்தக் கேள்வியை எப்போது கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

வண்டியின் சீக்கு இதுதான். கிளம்பும்போது வெண்ணெய் மாதிரி ஓடும். அரை மணி நேரம் கழித்து லேசாக இருமும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். மிதித்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தயங்கி, இரண்டு குலுங்கு குலுங்கி அணைந்துவிடும். அப்புறம் சாவியைத் திருப்பினால் கர்கர் என்று சுற்றுமே தவிரப் பற்றாது. பத்துப் பதினைந்து நிமிஷம் போனால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வைத்தியர்கள் முளைத்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று சொல்லி, பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டார். வண்டி கிளம்பியது. ஒருநாள் அக்காவின் கணவர் கூட வந்திருந்தார். பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி மாட்டினார். அதற்கும் கிளம்பியது. வண்டி நின்ற விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று இறங்கும்போது ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். வழியே போன ஒரு லாரி டிரைவர் கார்புரேட்டரில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டினார். எதிர்வீட்டுக்காரர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் வண்டி கிளம்பியது. அவரவர் வைத்தியத்தில் அவரவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

நர்சம்மாவுக்கு அதுதான் உறுத்தியது. எந்த மாத்திரை கொடுத்தாலும் குணமாகும் நோயாளியை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். அப்படி என்றால் எந்த மாத்திரையும் வேலை செய்யவில்லை, நோய் தானாகவே இறங்குகிறது என்று அர்த்தம்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவினார். ஃபில்டரை மாற்றினார், பம்பைப் புதிதாகப் போட்டார், பிளக்கையும் காயிலையும் மாற்றினார். ஓட்டிப் பார்த்தார். ஊரைச் சுற்றி மூன்று முறை ஓட்டியும் வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"எங்கிட்ட வந்தா நல்லாத்தான் இருக்கு நர்சம்மா. உங்களப் பாத்தாத்தான் அடம் பிடிக்குது," என்றார்.

கடைசியில் அவள் ஒரு நோட்டை எடுத்தாள். காய்ச்சல்காரனுக்குச் சார்ட் எழுதுவதுபோல் வண்டிக்கு எழுதத் தொடங்கினாள். கிளம்பிய நேரம், நின்ற நேரம், மறுபடி கிளம்பிய நேரம், வெயிலா மழையா, எத்தனை பேர், டாங்கில் எவ்வளவு. வாத்தியாருக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஆறு தடவை நின்றது. மழையிலும் நின்றது, ஆகவே சூடு காரணமில்லை. சமதரையிலும் நின்றது, ஆகவே மேடும் காரணமில்லை. ஆறிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கிளம்பும் முன் டாங்கை நிரப்பியிருந்தார்கள். அரை டாங்குக்குக் கீழே இருந்தபோது ஒரு நாளும் நின்றதில்லை. பட்டறைக்கு விடும்போதெல்லாம் வாத்தியார், கண்டவன் ஓட்டித் தீர்ப்பான் என்று, முள் சிவப்பைத் தொடும்வரை காத்திருந்துதான் விடுவார்.

"வயிறு நிறைஞ்சாத்தாங்க நிக்குது," என்றாள் நர்சம்மா.

டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எஞ்சினுக்குத் தெரிய நியாயமே இல்லை என்று அவர் அரை மணி நேரம் விளக்கினார். கரும்பலகை இல்லாத குறையை ஈடுகட்ட, சாப்பாட்டு மேசையில் விரலால் தண்ணீர் தொட்டுப் படமும் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் சித்தப்பாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். ஒன்றரை மணி நேரப் பயணம். அக்காவும் அவள் கணவரும் தாங்களும் வருகிறோம் என்றார்கள். வாத்தியார் பயந்தார். நர்சம்மா டாங்கை நிரப்பச் சொன்னாள்.

முப்பத்திரண்டாவது நிமிஷம் வண்டி இருமியது. முப்பத்தைந்தில் ஒரு மரத்தடியில் ஓரம்கட்டி நின்றது. அக்காவின் கணவர் ஜன்னல் வழியாக மரத்தை ஆராய்ந்தார்.

"எங்ககிட்ட ஒருநாளும் நின்னதில்ல," என்றாள் அக்கா.

அது உண்மைதான். அவள் கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் தவிர அதை எங்கும் எடுத்துப்போனதில்லை.

வாத்தியார் ஈரத் துணியோடும் அத்தான் பிளக் ஸ்பேனரோடும் இறங்கினார்கள். நர்சம்மா கதவைத் திறந்துகொண்டு இருவருக்கும் முன்னால் போய் பானெட்டின்மேல் கையை வைத்தாள். வார்டில் மூன்று பேர் ஒரே நோயாளியின் கையைப் பிடித்து இழுக்கும்போது அவளிடமிருந்து வரும் குரல் வந்தது.

"யாரும் எதையும் தொட வேணாம். சும்மா நில்லுங்க."

இரண்டு ஆண்களும் வேலையில்லாமல் நிற்பது எப்படி என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் துணியைப் பிழிந்தார். இன்னொருவர் ஸ்பேனரைச் சட்டைப்பையில் வைத்து எடுத்தார். நர்சம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது நிமிஷம் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

அத்தானின் முகம் வாடிவிட்டது. பிளக்கைத் துடைக்காமல் ஒரு எஞ்சின் கிளம்பியதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நிழலில் நின்றதால் பம்ப் குளிர்ந்திருக்கும் என்று வாத்தியார் முணுமுணுத்தார், ஆனால் சுரத்தில்லாமல்.

இருபது நிமிஷம் கழித்து மறுபடி நின்றது. இந்தத் தடவை அக்காவின் பொறுமை போய்விட்டது. பெட்ரோல் போட்டீர்களா இல்லையா என்று தம்பியைக் கேட்டாள். முள் நிறைய என்று காட்டுவதை அவர் காண்பித்தார்.

"அந்த முள்ளு பொய் சொல்லும்டா. ஒன்பது வருஷமா எனக்குத் தெரியும். மூடியத் தொறந்து கண்ணால பாரு."

அக்கா சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை. பின்னால் போய் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தம், யாரோ வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை உள்ளே இழுத்ததுபோல. வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நர்சம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி பாட்டிலில் ஏறும் மருந்து சில சமயம் சொட்டாமல் நின்றுவிடும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும், குழாயில் அடைப்பும் இருக்காது. காற்று உள்ளே போக வழி இல்லாததுதான் விஷயம். பாட்டிலின் மூடியில் ஒரு ஊசியைக் குத்தினால் போதும், சொட்டத் தொடங்கிவிடும். நேற்று மதியம்கூட அவள் அப்படி ஒன்றைக் குத்தினாள்.

அவள் சாவியைத் திருப்பினாள். ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. வண்டி பற்றிக்கொண்டது. டாங்குக்குள் காற்று போக வழியில்லை, அதுதான் சீக்கு என்றாள்.

நோயைச் சொன்னவள் அவள்தான், ஆனால் விளக்கம் வாத்தியாருடையது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று ரோட்டோரத்தில் நின்று எடுத்துச் சொன்னார். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே குறைவு, அதனால் சீக்கிரம் இறுகும். காலியாக இருந்தால் வெகுநேரம் தாங்கும். நின்றுபோன பிறகு எப்படியோ துளித்துளியாகக் காற்று கசிந்து போனதால்தான் பத்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கிறது. போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு இதே பாடத்தை நடத்தினேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மிச்சமிருந்தது மூடி. வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனமானது, உள்ளே தடித்த ரப்பர் வளையம்.

"அது நான் வாங்கினது," என்றாள் அக்கா பெருமையாக. "பழைய மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருந்துச்சு. ஒரே பெட்ரோல் நாத்தம். விக்கிற வண்டிய அப்படியா குடுக்கறதுன்னு கடை கடையா ஏறி எறங்கி வாங்கிப் போட்டேன். காத்துகூடப் புகாது."

அத்தான் மறுபடியும் ஒரு மரத்தைத் தேடினார். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். நாலு மாதமாக நடுரோட்டில் நின்றது, நைட் டியூட்டி முடிந்து வண்டி தள்ளியது, எல்லாம் நர்சம்மாவின் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. ஆனால் ஆசை ஆசையாக ஊட்டிவிட்டு, பிள்ளை ஏன் வாந்தி எடுக்கிறது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களை அவள் நிறையப் பார்த்தவள். அவர்களைத் திட்டி அவள் ஒருநாளும் எதையும் சாதித்ததில்லை.

"நல்ல மூடிதான் அண்ணி," என்றாள். "கொஞ்சம் அளவுக்கு மீறி நல்ல மூடி. அதான் சிக்கல்."

அக்காவின் முகம் சிவந்தது, பிறகு தெளிந்தது. அப்படியானால் மூடியைத் திறக்கச் சொன்னதும் நான்தானே என்றாள். மறுக்க முடியுமா? மூடியைப் பாதி திருகிவிட்டு மிச்ச தூரத்தை ஓட்டினார்கள். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

சித்தப்பா தன் இடுப்பெலும்பைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, அக்கா அவருக்கு வண்டியின் கதையை முழுவதும் சொல்லிவிட்டாள். நாலு மாதம் மெக்கானிக்கே திணறிய சீக்கை அக்கா எப்படி ஒரே வார்த்தையில் கண்டுபிடித்தாள் என்ற கதை அது. நர்சம்மா தலையணையைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்காகச் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை, சித்தப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை வேறு இருந்தது.

மறுநாள் பட்டறைக்காரர் மூடியை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். அது உதட்டைக் கவ்விக்கொண்டது, இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"நான் நாலு மாசமா வயித்தக் கிழிச்சுக் கிழிச்சுப் பாத்துட்டிருந்தேன்," என்றார். "வாயப் பாக்கணும்னு தோணவே இல்ல நர்சம்மா."

காற்றுத் துளை உள்ள சரியான மூடியை அவரே தேடி எடுத்து மாட்டினார். அதன்பிறகு டாங்க் தளும்பத் தளும்ப நிரப்பி இரண்டு ஊர் தாண்டிப் போனாலும் வண்டி நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். அவர்களுடைய புது வண்டியில் ஏதோ விசில் சத்தமாம், வேகமாகப் போனால் மட்டும் கேட்கிறதாம், கம்பெனியில் மூன்று தடவை பார்த்தும் பிடிபடவில்லையாம். வாத்தியார் உற்சாகமாகி, சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"நீ வேணாம்டா, நீ வந்தா வெளக்கிக்கிட்டே இருப்ப," என்றாள் அக்கா. "அவள அனுப்பு."