பஜார் தெருவுக்கு வந்த கோட்டை

1999ஆம் வருஷம் ஆவணி மாதம், உத்திரமேரூர் பஜார் தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த அத்தாவுல்லாவின் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரம் இருந்த இடத்தில், ஒரு கோட்டை வந்து நின்றது. தனியாக வரவில்லை, தன் மலையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து அளக்க வந்தவர் சங்கிலியைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் மலை இல்லை, அதனால் மலை இல்லை என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். காவாந்தண்டலத்து ஆட்டுக்காரர்கள் மறுவாரமே ஆடுகளை ஓட்டிவந்து அந்த இல்லாத மலையில் மேயவிட்டார்கள்.

கோட்டையின் மேல் குற்றமில்லை. கல்யாணமானதிலிருந்து ஒருநாள்கூடக் கடையைப் பூட்டாத அத்தாவுல்லாவிடம் அவர் மனைவி நஜீமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். உரக்கடை காலண்டரில் இருந்த மலைக்கோட்டையை நேரில் பார்க்க வேண்டும். அது போளூருக்கு அப்பால் இருந்தது, ஏற இரண்டு நாள், இறங்க ஒரு நாள். நஜீமா வழிக்குப் புளிச்சோறும் ஒரு தூக்கு நிறைய வறுத்த கறியும் கட்டினாள். கறியோடு வெளியூர் கிளம்பினால் வாசனைக்குப் பின்னால் எதுவும் வந்துவிடக் கூடாது என்று, பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வழக்கப்படி தூக்குக்குள் ஓர் அடுப்புக்கரித் துண்டைப் போட்டு அனுப்பினாள். அத்தாவுல்லா ஆளைச் சிரிக்கவைத்தே பாதி வியாபாரம் செய்தவர். பஸ் ஸ்டாண்டில் கரியை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். "பேய்க்குப் பசிச்சா, நம்ம கடை செருப்பப் போட்டுக்கினு போளூர்லேர்ந்து நடந்தா வரப் போவுது? பாதி வழியில அறுந்துடும் நஜீமா."

அறுந்தது நஜீமாவின் செருப்பு, முதல் நாள் மதியமே. அவரே கடையிலிருந்து பார்த்து எடுத்துக் கொடுத்த ஜோடி. இடது வாரில் ஊக்கு குத்தித் தந்தார். அதிலிருந்து அவள் இடது காலை வைக்கும்போதெல்லாம் 'டிக்'கென்று கேட்டது. மறுநாள் மேலே போய்ச் சேர்ந்தபோது சரிந்த மதிலும் கூரையில்லாத நெற்களஞ்சியமும்தான் இருந்தன, ஆள் இல்லை. களஞ்சியத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்த நஜீமாவுக்கு, பக்கத்தில் யாரையும் கூப்பிடாமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை. "வாங்க, சாப்புடலாம்" என்று சுவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தாள். அத்தாவுல்லா சிரித்தார்.

இறங்கும்போது நஜீமா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க, இவ்ளோ நேரமா எறங்கறோம், கோட்ட சின்னதாவவே இல்லியே."

"ஒனக்குக் கண்ணு நல்லா கீதுன்னு அர்த்தம்."

பஸ்ஸின் பின்கண்ணாடியிலும், ஆரணியிலும், செய்யாற்றிலும் கோட்டை அதே அளவில் தெரிந்தது. பொழுது விடிந்தபோது கொல்லையில் இருந்தது.

அதோடு, மேலே கண்ணில் படாத அதன் பழைய காவலாட்களும் வந்திருந்தார்கள். சோறு அனுப்புகிறேன், இடத்தைவிட்டு நகராதீர்கள் என்று சொல்லிப் போன ஒரு ராஜா திரும்பவேயில்லையாம். ஒரு கெடுதலும் செய்யாமல், இலை போட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். கூப்பிட்டவள் நஜீமா, ஆகவே நஜீமாதான் பரிமாறினாள். மேல்வாசலில் காவல் நிற்கிறவர்கள் இறங்கக் கூடாது என்பதால் சோற்றை மேலே சுமந்தாள். முதலில் கீழ்வாசலோடு நின்று பகல் தொழுகைக்குள் திரும்பினாள், பிறகு இன்னும் மேலே போய் அந்திக்கு. தை பிறந்தபோது, போனால் வர ஒரு வாரம் ஆனது. கோட்டைக்குள்ளே உள்ளே உள்ளே பந்திகள் இருந்தன. ஊரில் அரிசி மண்டிக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். மாசியில் அவள் வரவேயில்லை.

அத்தாவுல்லா இஸ்திரிக்காரரிடம் ஒரு சாக்குக் கரி வாங்கி வீட்டைச் சுற்றிக் கொட்டினார்.

"கரிய வெக்கறது வெளியூரு போவ சொல்ல, பாய்," என்றாள் சிட்டம்மாள். "வந்து குந்திக்கினப்பறம் கொட்டி இன்னா பண்றது? வூட்டாண்ட கூட்ற வேல எனக்குத்தான்."

கொல்லையில் நின்று மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மலை அவர் குரலையே திருப்பிக் கொடுத்தது, கொஞ்சம் கேலியாக. கடையில் அவர் சொன்ன தமாஷ்களுக்கு யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. கடைசியில் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டு நாள் நடந்து மேலே போனார். நஜீமா கரண்டியோடு குனிந்திருந்தாள், மெலிந்திருந்தாள். "வூட்டுக்கு வா," என்றார். "இந்தப் பந்தி முடியட்டுங்க," என்றாள். பந்தியின் மறுகோடி கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தக் கோடியில் காலியாக இருந்த இலையில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க," என்று எல்லாரிடமும் சொன்ன அதே குரலில் அவரிடமும் சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்து கறி வறுக்கப் பழகினார். தீய்த்தார், உப்பைக் கொட்டினார், சிட்டம்மாளிடம் ஏச்சு வாங்கினார். ஒருவழியாக வாயில் வைக்கும்படி வந்த கறியைத் தூக்கில் போட்டுக் கிளம்பியபோது, அவள் நீட்டிய கரித்துண்டை வேண்டாமென்று தலையாட்டினார். சிட்டம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரியை மடியில் முடிந்துகொண்டாள். மேலே போய், நஜீமாவின் முன்னால் மூடியைத் திறந்து வைத்தார். தூக்கை எடுத்துக்கொண்டு, மூடாமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கினார். வெகுநேரம் காற்றுதான் கேட்டது. பாதி மலையில், பின்னால், 'டிக்' என்றது.

பத்து நாள் வீட்டில் இருந்தாள். தூங்கினாள், அவர் கறியைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள், செருப்புக்குப் புது வார் வேண்டாமென்றாள். பதினோராம் நாள் மேலே இலைகள் காய்கின்றன என்றாள்.

இப்போதும் மாதத்தில் இரண்டு முறை அந்தக் கடை பூட்டியிருக்கும். முதல் முறை பூட்டியிருந்தால், பாய் பொண்டாட்டியைக் கூட்டிவரப் போயிருக்கிறார் என்பார்கள். இரண்டாம் முறை என்றால், அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவளைக் கொண்டுவிடப் போயிருக்கிறார்.